நானுஓயா எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?

பூகோள டீச்சர் | வெள்ளி, இரவு 8.12

வணக்கம். நானுஓயாப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஒன்பதாம் வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். போன வாரம் பிள்ளைகளிடம், "வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் ஆற்றை, பிறக்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை வரைந்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். எங்களுக்கு இருப்பதே ஓர் ஆறு. ஊருக்கும் அதுதான் பெயர்.

வந்த படங்களில் மூன்றை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பிளக்பூலிலிருந்து வரும் பிள்ளை கிரகரி வாவியில் தொடங்கியிருக்கிறாள். ஸ்டேசனுக்குக் கீழே லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கும் பையன் தன் வீட்டுப் பீலியில் தொடங்கி, தோட்டத்து எல்லைப் பாலத்தோடு ஆற்றை நிறுத்திவிட்டான். ஏன் என்று கேட்டால், "அதற்கு அப்பால் அது வேறு தோட்டத்து ஆறு, டீச்சர்" என்கிறான். லிந்துலையிலிருந்து வரும் பிள்ளை, ஆற்றின் பெயரையே ஆக்ரா ஓயா என்று எழுதியிருக்கிறது. நானுஓயாவுக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

மூவருக்கும் எத்தனை புள்ளி போடுவது? அதைவிடப் பெரிய சிக்கல், சரியான விடை எது என்று எனக்கே திட்டமாகத் தெரியவில்லை. நானுஓயா என்ற கிளையாறு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது? பாடப்புத்தகத்தில் மகாவலியும் களனியும் இருக்கின்றன. நம் வீட்டு வாசலில் ஓடுவது இல்லை.

மலைக்காற்று | வெள்ளி, இரவு 8.30

கைபேசியில் வரைபடத்தைத் திறந்து பார்த்தால் போயிற்று. இதற்கு ஓர் இழையா?

பூகோள டீச்சர் | வெள்ளி, இரவு 8.41

பார்த்தேன், தம்பி. நீலக்கோடு வாவியிலிருந்து வருகிறது. பெருக்கிப் பார்த்தால் வாவிக்கு மேலேயும் நீலக்கோடு இருக்கிறது. இன்னும் பெருக்கினால் கோடு காணாமல் போய் ஒரு ஹோட்டலின் விளம்பரம் வருகிறது.

சொல்வேட்டை | வெள்ளி, இரவு 9.05

டீச்சர் கோபித்துக்கொள்ளக் கூடாது. முதலில் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். ஓர் ஆற்றிலிருந்து பிரிந்து போவதுதான் கிளையாறு. மரத்திலிருந்து கிளை பிரிவதுபோல. வேறோர் ஆற்றோடு வந்து சேர்வது துணையாறு. நானுஓயா வந்து சேர்வது. ஆகவே துணையாறு. நம் பாடப்புத்தகங்களும் செய்தித்தாள்களும் இரண்டையும் ஒன்றாகவே எழுதிப் பழகிவிட்டன.

இன்னொன்று, விளையாட்டாக. சிங்களத்தில் ஓயா என்றால் கங்கையைவிடச் சிறிய ஆறு. எல என்றால் கால்வாய் அல்லது ஓடை, அதைவிடச் சிறியது தொல. தமிழனின் காதில் 'ஓயா' என்று விழுந்தால் ஓய்வில்லாதது என்றுதான் பொருள் படும். ஓயா மழை, ஓயா அலை என்கிறோமே, அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். இரண்டு மொழிக்காரரும் ஒரே ஒலியை வைத்துக்கொண்டு ஒரே ஆற்றைப் பார்த்து வேறு வேறாகச் சொல்கிறோம், இரண்டும் பொருந்துகிறது. இதைச் சொற்பிறப்பு என்று யாரும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். தற்செயல்தான்.

ஏரிக்கரையான் | வெள்ளி, இரவு 9.48

நான் நுவரெலியாவில் பிறந்து வளர்ந்தவன். வாவியில் தொடங்கிய பிள்ளைக்கு முழுப் புள்ளி கொடுத்துவிடாதீர்கள். அந்த வாவி இயற்கையானது இல்லை. அந்த இடம் முன்பு சேற்று நிலம். பிதுருதலாகலையிலிருந்து இறங்கிவரும் தலகல ஓயா அங்கே வந்து பரந்து கிடந்தது. 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில்தான் அதை மறித்து அணை போட்டார்கள். ஆற்றுக்கு வயது எத்தனையோ ஆயிரம், வாவிக்கு நூற்றைம்பது சொச்சம். பேரன் வீட்டில் பாட்டன் பிறந்தார் என்று எப்படி எழுதுவது?

வாவிக்கு வரும் நீரெல்லாம் ஆற்றோடுதான் போகிறது என்றும் சொல்ல முடியாது. 1913இல் வாவியின் நீரைச் சுரங்கவழியாக பிளக்பூலுக்குக் கொண்டுபோய் ஒரு சிறு மின்நிலையத்தை ஓட்டத் தொடங்கினார்கள். நகரத்துக்கு வெளிச்சம் கொடுத்தது அது. ஆகவே அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடும் நீரில் ஒரு பங்கு ஆற்றுவழியாக வந்தது, ஒரு பங்கு குழாய்வழியாக வந்தது.

என் கணக்கில் நானுஓயா பிறப்பது பிதுருதலாகலையில், 2,524 மீற்றர் உயரமுள்ள மலையின் தோளில். இலங்கையில் அதற்கு மேலே வானம்தான்.

பீலிக்கரை | வெள்ளி, இரவு 10.20

ஏரிக்கரையான் அண்ணன் சொல்வது நுவரெலியாக்காரர்களின் கணக்கு. எல்லாம் தங்கள் ஊரில்தான் தொடங்க வேண்டும் அவர்களுக்கு. குளிரும் கூட.

நாங்கள் ரதல்லைக்குக் கீழே மூன்று தலைமுறையாக இருக்கிறோம். என் தாத்தா, மலைச்சரிவில் நீர் வடியக் கான் வெட்டும் வேலையில் இருந்தவர். அவர் சொல்வார், ஆறு என்பது மேலேயிருந்து வருவது இல்லை, பக்கத்திலிருந்து வருவது என்று. மலையில் நின்று பார்த்தால் அது புரியும். ஒவ்வொரு தேயிலை மலைக்கும் நடுவே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் மரத்தை வெட்டாமல் விட்டிருப்பார்கள், மானாப்புல்லும் பன்னமும் அடர்ந்து கிடக்கும், அதற்குள் கசிகிற நீரை மூங்கிலாலோ தகரத்தாலோ திருப்பிவிட்டால் அது பீலி. லயத்துக்கு ஒரு பீலி. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று இரண்டு இருந்த தோட்டங்களும் உண்டு. பீலியில் விழுந்த நீர் கானில் ஓடி, கான் ஓடையில் சேர்ந்து, ஓடை ஆற்றில் விழும். கிரேட்வெஸ்டன் மலைச் சரிவில் மழை பெய்து நின்ற மறுநாள் காலையில் வந்து எண்ணிப் பாருங்கள், எத்தனை வெள்ளிக்கோடுகள் இறங்குகின்றன என்று. வாவியை நாளைக்கே முழுதாக மூடிவிட்டாலும் எங்கள் பாலத்தடியில் ஆறு ஓடும்.

பெயரும் அப்படித்தான். நாங்கள் யாரும் நானுஓயா என்று சொன்னதில்லை. நானுஓயா என்றால் ஸ்டேசன். ஆற்றுக்கு ஸ்டோர் ஆறு, பாலத்து ஆறு, கீழ்க் கணக்கு ஆறு என்றுதான் பெயர். அந்தப் பையன் எல்லைப் பாலத்தோடு நிறுத்தியதில் ஒரு பிழையும் இல்லை. அவனுடைய ஆறு அங்கேதான் முடிகிறது. டீச்சர், அவனுக்கு ஒரு புள்ளியும் குறைக்கக் கூடாது.

சங்கிலிக்காரர் | சனி, காலை 5.55

விடியற்காலையில் எழுந்து எல்லாவற்றையும் வாசித்தேன். முப்பது ஆண்டுகள் நில அளவையாளர்களோடு சங்கிலி பிடித்து இந்த மலைகளில் ஏறி இறங்கியவன் நான். படித்தவன் அல்ல. கூடவே நடந்து கேட்டுக்கொண்டது கொஞ்சம் உண்டு.

மூலம் தேடுகிறவர்கள் மேலேயிருந்து இறங்க மாட்டார்கள். ஆறு முடியும் இடத்தில் நின்றுகொண்டு, நீருக்கு எதிராக நடப்பார்கள். இரண்டாகப் பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நீளமான கையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பெயரைப் பார்க்க மாட்டார்கள். கடைசியில் நீர் மண்ணுக்குள் மறையும் இடம் மூலம். இது ஒரு வழக்கு. நீளத்தைப் பார்க்காமல், எந்தக் கையில் நீர் கூட வருகிறதோ அதைப் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு வழக்கும் எப்போதும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விடும் என்று நினைக்காதீர்கள்.

வரைபடத்தில் 'நானு ஓயா' என்று சாய்ந்த எழுத்தில் போட்டிருப்பார்களே, அந்த எழுத்துத் தொடங்கும் இடத்தில் ஆறு தொடங்குவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். எழுத்தை இடம் கிடைத்த பக்கத்தில் போடுவார்கள். மலைக்கோடுகள் நெருங்கியிருக்கும் இடத்தில் எழுத்து வாசிக்க முடியாது, ஆகவே கொஞ்சம் கீழே தள்ளிப் போடுவார்கள். அவ்வளவுதான் அதன் பொருள்.

மூலமும் ஓரிடத்தில் இருப்பதில்லை, மகளே. மாசி பங்குனியில் போனால் கசிவு கீழே இறங்கியிருக்கும். ஆனி ஆடியில் அதே ஓடை இருநூறு முழம் மேலே ஏறிப் பிறக்கும். நாங்கள் ஆணி அடித்த இடத்துக்கு மேலே நீர் ஓடுவதைக் கண்டு, வந்த ஐயா குடையோடு நின்று சிரித்தது நினைவிருக்கிறது.

முடியும் இடத்தில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை. தலவாக்கலைக்குச் சற்று மேலே, ஆக்ராப் பக்கத்திலிருந்து வரும் பெரிய ஆற்றோடு அது சேர்கிறது. சேர்ந்த பிறகு அது கொத்மலை ஓயா.

கல்லும் மண்ணும் | சனி, காலை 9.10

சங்கிலிக்காரர் ஐயாவுக்கு நன்றி. படித்தவன் அல்ல என்று சொல்லிக்கொண்டே நான்கு விரிவுரைகளைச் சொல்லிவிட்டார்.

நான் கொஞ்சம் நிலத்தின் கதையைச் சேர்க்கிறேன். ஆடம்ஸ் என்ற கனேடியப் புவிச்சரிதவியலாளர் 1929இல் இலங்கையின் நிலவுருவத்தை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார். கரையோரத் தாழ்நிலம் முதற்படி, நடுவே ஒன்று, மேலே நுவரெலியா, ஹோட்டன் சமவெளி உள்ளிட்ட உயர்ந்த படி. அந்தப் படிகள் எப்படி உண்டாயின என்பதில் பின்னால் வந்தவர்கள் அவரோடு மோதினார்கள். படிகள் இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

நானுஓயா அந்த மேற்படியின் விளிம்பில் ஓடுவது. அதனால்தான் அதற்கு இரண்டு குணம். நுவரெலியாவில் ஏறத்தாழ 1,870 மீற்றரில் அது ஆறு போலவே இருக்காது. சோம்பேறித்தனமாக, புல்லுக்கு நடுவே, எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் கிடக்கும். சேறு உண்டானதும் பின்னால் அங்கே வாவி கட்ட முடிந்ததும் அந்தத் தட்டையான நிலத்தால்தான். பிளக்பூல் தாண்டியதும் நிலம் கைவிடுகிறது. நானுஓயா ரயில் நிலையம் 1,600 மீற்றருக்குச் சற்று மேலே, தலவாக்கலை நிலையம் 1,200 மீற்றர் அளவில். இந்த இரண்டு நிலையங்களுக்கும் இடையில் மட்டும் 400 மீற்றர் இறக்கம். அந்த 400 மீற்றரை ஏறுவதற்கு ரயில் பாதை வட்டகொடை, கிரேட்வெஸ்டன், ரதல்லை என்று மலையைச் சுற்றிச் சுற்றி வளைகிறது. 1885இல் ரயில் நானுஓயாவுக்கு வந்துசேர்ந்தபோது, அங்கிருந்து மேலே ஹப்புத்தளைக்குப் போக இன்னும் எட்டு ஆண்டுகள் பிடித்தன. ஆற்றுக்கு அந்தச் சிரமமெல்லாம் இல்லை. அது நேராக விழுந்து போய்விடுகிறது.

அட்டன் சிங்கம் | சனி, பகல் 12.34

எல்லாரும் கொத்மலை ஓயாவைப் பெரிய ஆறு போலப் பேசுகிறீர்கள். அதுவும் துணையாறுதான். உண்மையான மகாவலி எங்கள் அட்டன், வட்டவளைப் பக்கத்திலிருந்து வருவது. நாங்கள் சிறுவயதில் படித்தது, பெரிய ஆறுகளெல்லாம் சிவனொளிபாதமலைப் பக்கத்தில் பிறக்கின்றன என்று. உங்கள் நானுஓயா துணையாற்றுக்குத் துணையாறு. அதற்குப் போய் இத்தனை பேச்சு!

கல்லும் மண்ணும் | சனி, பகல் 1.02

களனியும் களுகங்கையும் சிவனொளிபாதமலைப் பக்கம் பிறக்கின்றன, சரி. மகாவலியை அதற்குள் இழுக்காதீர்கள். 335 கிலோமீற்றர் என்று நாம் சொல்லும் மகாவலியின் நீளத்துக்கு மூலம், ஹோட்டன் சமவெளிப் பக்கமாக ஏறும் நீண்ட கைதான். கிரிகல்பொத்தைச் சாரலிலிருந்து ஆக்ரா ஓயா, தம்பகஸ்தலாவை ஓயா என்று இறங்கி, கொத்மலை ஓயாவாகிப் போவது அது. அட்டன் பக்கத்துக் கையும் கொத்மலை ஓயாவும் கம்பளைக்கு மேலே பள்ளேகமவில் சேர்கின்றன. சங்கிலிக்காரர் ஐயா சொன்னபடி அங்கே நின்று எதிர்நடை நடந்தால், நீளமான கை எங்களுடையது.

அட்டன் சிங்கம் | சனி, பகல் 1.15

நீளத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மழையைப் பாருங்கள். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேலே பெய்கிறது. நுவரெலியாவில் 2,000 கூடத் தேறாது. தென்மேல் பருவக்காற்று முதலில் எங்கள் மேற்குச் சரிவில் மோதி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மிச்சத்தைத்தான் உங்களுக்குக் கொண்டுவருகிறது. குடை வாங்கும் செலவு எங்களுக்கு, மூலம் என்ற பெயர் உங்களுக்கா? நாங்கள் குடித்த நீருக்கு முழக்கோல் வைத்தா பெயர் வைத்தோம்?

சங்கிலிக்காரர் | சனி, பகல் 2.20

தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. பள்ளேகமவுக்குக் கீழேதான் மகாவலி என்ற பெயர் இரண்டு கைக்கும் பொதுவாகிறது. அதற்கு மேலே மக்கள் எந்தக் கையை அப்படி அழைத்தார்களோ அதற்கு அந்தப் பெயர். நீளத்தைக் கேட்டால் விடை வேறு. இரண்டு கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரவு முழுக்கச் சண்டை பிடிக்கலாம். டீச்சரின் கேள்வி நானுஓயா.

மேட்டு லயம் | சனி, மாலை 6.47

தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். நானுஓயா முடிவது கொத்மலை ஓயாவில் என்று எல்லாரும் எழுதிவிட்டீர்கள். வரைபடத்தில் அது சரி. இப்போது வந்து பார்த்தால் அங்கே நீங்கள் காண்பது தேங்கி நிற்கும் நீர்.

மேல்கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையில் 35 மீற்றர் உயரத்தில் அணை கட்டினார்கள். 2012இல் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது, 150 மெகாவாற். அணையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தில் நீர் மலைக்குள்ளே புகுந்து, நியம்கம்தொரவில் நிலத்தடி மின்நிலையத்தைச் சுற்றவைத்துவிட்டு, கொத்மலை நீர்த்தேக்கப் பக்கம் வெளியே வருகிறது. அணை பெரிய கொள்ளளவு கொண்டதில்லை. ஆக்ரா ஓயாவும் நானுஓயாவும் அன்றன்று கொண்டுவருவதை அன்றன்று வாங்கி அனுப்பும் வகை. ஆகவே நானுஓயாவில் மழை பெய்தால் தலவாக்கலையில் கதவு திறப்பார்களா என்று நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம். சைரன் சத்தம் கேட்டால் ஆற்றோரத்தில் துணி துவைப்பவர்கள் எழுந்து ஓட வேண்டும்.

எங்கள் பழைய வீடு ஆற்றுக்குப் பக்கத்தில் தாழ்வான இடத்தில் இருந்தது. அந்தப் பக்கத்து லயங்களையும் வீடுகளையும் எடுத்துக்கொண்டு மேலே புதுவீடு கொடுத்தார்கள். வீடு நல்ல வீடு, குறை சொல்ல மாட்டேன். அம்மா மட்டும் ஓர் ஆண்டுக்கு மேல் தூக்கம் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆற்றுச் சத்தம் இல்லாமல்.

சொல்வேட்டை அவர்கள் ஓயாவுக்குப் பொருள் சொன்னதை வாசித்தபோது இதைத்தான் நினைத்தேன். அணைக்குக் கீழே சென் கிளேயர் நீர்வீழ்ச்சி இருக்கிறது, 80 மீற்றர், அகலமான அழகான வீழ்ச்சி. திட்டத்துக்கு எதிராக நீண்ட காலம் போராட்டம் நடந்தது. பூண்டுலோயா, றம்பொடை போன்ற வேறு ஓயாக்களையும் திருப்பும் எண்ணத்தைக் கைவிட்டு, சென் கிளேயருக்குப் பகலில் மட்டும் நீர் விடுவதாக முடிவாகியது. பொழுது விடிந்தால் வீழ்ச்சி, பொழுது சாய்ந்தால் பாறை. வெள்ளம் வந்து அணை வழிந்தால் மட்டும் இரவிலும் விழும். பஸ்ஸில் போகும் சுற்றுலாக்காரர்களுக்கு இது தெரியாது. நாங்கள்தான் இரவில் ஓய்வெடுக்கும் ஓயாவைப் பார்த்திருக்கிறோம்.

மலைக்காற்று | சனி, மாலை 7.03

அப்படியானால் டெவன் நீர்வீழ்ச்சியும் இரவில் நிற்குமா?

மேட்டு லயம் | சனி, மாலை 7.10

இல்லை. டெவன், பக்கவாட்டில் வந்து விழும் வேறோர் ஓடை. அணைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 97 மீற்றரும் இரவு பகலாக விழுகிறது.

வெருகல்காரன் | சனி, இரவு 9.26

மலைநாட்டுச் சகோதரர்களே, கீழேயிருந்து ஒரு குரல். வெருகல் ஆற்றங்கரையில் இருக்கிறேன். சித்திரவேலாயுதர் கோயில் இருக்கும் அதே கரை.

நீங்கள் நானுஓயா தலவாக்கலையில் முடிகிறது என்கிறீர்கள். எங்களுக்கு அது முடிவதே இல்லை. கொத்மலைக்கு வந்த நீர் மகாவலியாகிக் கம்பளை, கண்டி வழியாகப் பொல்கொல்லைக்கு வருகிறது. 1976 முதல் அங்கே ஒரு பங்கை மலையைத் துளைத்து உக்குவளைக்குத் திருப்பிவிட்டார்கள். அது போவத்தென்னை நீர்த்தேக்கம் வழியாகக் கலாவாவிப் பக்கம் போய் வயலுக்குப் பாய்கிறது. மீதி விக்டோரியா, ரந்தெனிகலை, ரந்தம்பை, மினிப்பே என்று இறங்கி எங்களிடம் வந்து, ஒரு கை மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவுக்கும் ஒரு கை வெருகலுக்கும் பிரிந்து கடலில் விழுகிறது. சொல்வேட்டை ஐயா, இப்போது பயன்படுத்துங்கள் உங்கள் சொல்லை. வெருகல் ஆறுதான் அசல் கிளையாறு.

உங்கள் காய்கறித் தோட்டத்து மண் எத்தனை அணைகளில் படிந்த பிறகும் எங்களுக்கும் கொஞ்சம் வருகிறது. மார்கழியில் வெள்ளம் வடிந்தபின் வயலில் கை வைத்தால் மெத்தென்று இருக்கும். நுவரெலியா லீக்ஸை நாங்கள் காசு கொடுத்து வாங்குகிறோம், அது முளைத்த மண் இலவசமாக வருகிறது என்று என் அண்ணன் சொல்லுவார்.

சீத்தாஎலிய பிள்ளை | சனி, இரவு 10.11

எனக்கும் ஒரு வார்த்தை. நுவரெலியாவிலிருந்து பதுளை வீதியில் ஹக்கலைப் பக்கம் கொஞ்சம் இறங்கினாலே நீர் மறுபக்கம் ஓடத் தொடங்குகிறது. அந்த மலைமுதுகுக்கு மேற்கே விழும் துளி நானுஓயா. கிழக்கே விழும் துளி உமா ஓயா. ஒன்று தலவாக்கலை, கொத்மலை, கண்டி என்று ஊர் சுற்றிவிட்டு வருகிறது. மற்றது வெலிமடை வழியாக இறங்குகிறது. இரண்டும் ரந்தம்பையில் மீண்டும் சந்திக்கின்றன. ஒரே மேகத்தில் இருந்து பிரிந்தவை.

சந்தித்தன என்று சொல்ல வேண்டுமோ? 2024இல் உமா ஓயாத் திட்டம் இயங்கத் தொடங்கிய பிறகு எங்கள் பக்கத்துத் துளியில் ஒரு பங்கு வெலிமடைக்குப் பக்கத்திலேயே பிடிபட்டுச் சுரங்கத்தில் போய் கிரிந்தி ஓயாப் பக்கம் தெற்கே போய்விடுகிறது. அக்காவும் தங்கையும் போல ஒரு முதுகில் பிறந்தவை. ஒருத்தி மூதூருக்கு, ஒருத்தி தெற்குக் கடலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போகிறாள்.

ஏரிக்கரையான் | சனி, இரவு 10.30

நல்லது, தங்கச்சி. பீலிக்கரைத் தம்பிக்கும் ஒன்று. வாவியை மூடினாலும் ஆறு ஓடும் என்றாய். ஓடும். ஆனால் வாவி இல்லாவிட்டால் நகரத்துச் சாக்கடை மண்ணெல்லாம் நேரே உன் பாலத்தடிக்கு வரும். இப்போது அது வாவியில் படிந்து, பாசி பிடித்து, படகு ஓட்டுகிறவர்களின் மூக்கில் ஏறுகிறது. நாங்கள் உங்களுக்காக மண் வடிகட்டுகிறோம், கொஞ்சம் மரியாதை வேண்டும்.

பீலிக்கரை | சனி, இரவு 10.44

வடிகட்டியும் இப்படியா, அண்ணா!

எங்கள் குளிக்கும் பள்ளத்தின் கதையைச் சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது அதில் இடுப்பளவு நீர், அடியில் கூழாங்கல் தெரியும். மேலே யாரோ தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கரைவரைக்கும் கரட் போட்டார்கள். யார் என்று எழுத மாட்டேன், இந்த மலையில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். மூன்று மழைக்காலத்தில் பள்ளம் நிரம்பி மணல் திட்டாகிவிட்டது. இப்போது அதில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். கான் வெட்டிய தாத்தா இருந்திருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார், சரிவுக்குக் குறுக்கே கான் இல்லாத இடத்தில் மண் நிற்காது என்று. தேயிலைத் தூருக்கு வேர் ஆழம். கரட்டைப் பிடுங்கும்போது மண்ணும் சேர்ந்து வருகிறது.

பூகோள டீச்சர் | ஞாயிறு, இரவு 7.58

உங்கள் எல்லாருடைய சண்டையையும் அச்செடுத்துக்கொண்டு இன்று காலையில் கிளம்பிவிட்டேன். கூடவே என் தம்பியும், எல்லைப் பாலத்தோடு ஆற்றை நிறுத்திய பையனும், அவனுடைய அண்ணனும். முச்சக்கர வண்டிக்காரர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். ஆறு போகும் இடத்துக்கு என்றேன். இறங்கும்வரை அவர் என்னைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

நேற்று மாலையில் நுவரெலியாவில் நல்ல மழை. வாவியின் வெளிவாசலில் நீர் கலங்கி வந்தது. பிளக்பூல் தாண்டி வளைவுகளில் இறங்கும்போது ஆறு சில இடத்தில் தெரிந்தது, சில இடத்தில் சத்தம் மட்டும். பையன் தன்னுடைய பீலியைக் காட்டினான். அதன் நீர் மட்டும் கண்ணாடி போல. அது கானில் இறங்கி ஆற்றில் விழுந்து ஒரு முழ தூரத்துக்குள் கலங்கலில் காணாமல் போனது. அவன் குந்தியிருந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லைப் பாலத்தில் வண்டியை நிறுத்தினோம். "இதற்கு அப்பால் நான் போனதில்லை, டீச்சர்" என்றான். பதினான்கு வயது. தலவாக்கலைக்குப் பல தடவை பஸ்ஸில் போயிருக்கிறான். ஆற்றோடு போனதில்லை, அதுதான் அவன் சொன்னதன் பொருள் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

தலவாக்கலைக்கு மேலே இரண்டு நீரும் தெரியும் ஓர் இடத்தில் மேட்டில் நின்று பார்த்தோம். இன்று நானுஓயா பால் தேத்தண்ணீர் நிறம். ஆக்ராப் பக்கத்திலிருந்து வந்தது பிளேன்டீ. கொஞ்ச தூரம் இரண்டும் ஒட்டாமல் போய், நீர்த்தேக்கத்தின் மந்தத்தில் ஒரே நிறமாகின்றன. லிந்துலைப் பிள்ளை நானுஓயாவைக் காட்டாமல் விட்டது ஏன் என்றும் புரிந்தது. அவளுடைய கரையில் நின்றால் அந்த வாய் தெரியாது.

சங்கிலிக்காரர் ஐயா, ஒரு சந்தேகம். பையன் கேட்டான், நீர் தேங்கி நிற்கும் இடத்தில் ஆற்றுக்கோட்டை எதுவரைக்கும் இழுப்பது என்று. எனக்குப் பதில் தெரியவில்லை.

சங்கிலிக்காரர் | ஞாயிறு, இரவு 8.30

நல்ல கேள்வி கேட்டிருக்கிறான். நீர் இறங்கும் நாளில் கூட்டிக்கொண்டு போங்கள். சேற்றுக்குள் பழைய படுகை தெரியும், இரண்டு கோடும் எங்கே சேர்ந்தன என்று அவனே பார்த்துக்கொள்வான். கொத்மலை நீர்த்தேக்கத்திலும் நீர் வற்றும்போது மூழ்கிப்போன கடதொர விகாரை தலை நீட்டும். ஆற்றின் இடத்தை ஆறு மறப்பதில்லை. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், மகளே. அக்கரப்பத்தனைப் பக்கம் மழை பெய்த மறுநாள் போனால் பால் தேத்தண்ணீர் அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

அட்டன் சிங்கம் | ஞாயிறு, இரவு 8.52

புள்ளி என்னவாயிற்று? அதைச் சொல்லாமல் போய்விட்டீர்களே.

பூகோள டீச்சர் | ஞாயிறு, இரவு 9.20

மூன்று படத்தையும் சுவரில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டப் போகிறேன். வாவிப் படத்துக்கு மேலே வெறும் தாள் ஒன்று, பிதுருதலாகலை வரைக்கும் வரைய. பாலத்துக்குக் கீழே இன்னொரு தாள், அதைப் பையனே வரைவதாகச் சொல்லியிருக்கிறான். லிந்துலைப் பிள்ளை தன் படத்தின் ஓரத்தில் ஒரு கோடு சேர்க்க வேண்டும். எல்லாருக்கும் பத்துக்கு எட்டு. யாரும் முழு ஆற்றையும் வரையவில்லை, நான் உட்பட.

சொல்வேட்டை | ஞாயிறு, இரவு 9.31

தலைப்பில் துணையாறு என்று எழுதினீர்களா?

பூகோள டீச்சர் | ஞாயிறு, இரவு 9.37

எழுதச் சொன்னேன். பையன் 'துனையாறு' என்று எழுதியிருக்கிறான். சிவப்பு மை எடுக்கப் போகிறேன்.

சொல்வேட்டை | ஞாயிறு, இரவு 9.40

வெட்டாதீர்கள், டீச்சர். துனை என்றால் பழந்தமிழில் விரைவு. ரதல்லைக்குக் கீழே அவன் எழுதியதுதான் சரி.

பூகோள டீச்சர் | ஞாயிறு, இரவு 9.44

அப்படியானால் எட்டரை.